அவே ரொட்டேஷன்: நான்கு வாரம் நடக்கும் நேர்காணல்

அமெரிக்காவில் மருத்துவம் படிக்கும் மகளோ மகனோ நான்காம் ஆண்டுக்குள் நுழையும்போது வீட்டுக்குச் சொல்லும் அட்டவணை பெற்றோரைக் குழப்பும். ஜூலை முழுக்க ஒஹாயோ, ஆகஸ்டில் டெக்சஸ், செப்டம்பரில்தான் சொந்தக் கல்லூரி. "உங்க காலேஜ்லயே அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி இருக்கே, அப்புறம் எதுக்கு ஊர் ஊராப் போகணும்?" என்று அம்மா கேட்பார். நியாயமான கேள்விதான். அங்கே கிடைக்காத அனுபவத்தைத் தேடிப் போகிறேன் என்று பிள்ளை சொன்னால் அது பாதி உண்மை. மீதிப் பாதி, பெண் பார்க்கும் படலம் ஒரு மாதத்துக்கு நீண்டால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு விஷயம். இரு தரப்பும் ஒருவரையொருவர் அளந்து பார்க்கிறார்கள். ஆனால் பலகாரத் தட்டோடு நிற்பது மாணவர் மட்டும்தான்.

சொந்தக் கல்லூரியை விட்டு வேறொரு மருத்துவமனையில் நான்கு வாரம் வேலை செய்து பழகும் இந்த ஏற்பாட்டுக்குக் கல்லூரிக் கோப்புகளில் 'வருகை மாணவர் எலெக்டிவ்' என்ற மாதிரி மரியாதையான பெயர் இருக்கும். மாணவர்கள் 'அவே' என்பார்கள். கொஞ்சம் வெளிப்படையாகப் பேசுகிறவர்கள் 'ஆடிஷன்' என்பார்கள். எனக்குக் கடைசிப் பெயர்தான் பொருத்தமாகப் படுகிறது.

அங்கே மருத்துவப் படிப்பு நான்கு ஆண்டு, அதுவும் ஒரு இளங்கலைப் பட்டத்துக்குப் பிறகு. மூன்றாம் ஆண்டில் பொது மருத்துவம், அறுவை, குழந்தை மருத்துவம், மகப்பேறு, மனநலம் என்று அடிப்படை வார்டுகளையெல்லாம் சுற்றி முடிப்பார்கள். நான்காம் ஆண்டு பெரும்பாலும் எலெக்டிவ் என்ற விருப்பப் பாடங்கள்தான். அதே ஆண்டில்தான் ரெசிடென்சிக்கு, அதாவது பட்டத்துக்குப் பிறகு மருத்துவமனையில் பெறும் துறைப் பயிற்சிக்கு, விண்ணப்பிக்க வேண்டும். செப்டம்பர் கடைசியில் பெரும்பாலான துறைகளுக்கு 'ஈராஸ்' என்ற பொது விண்ணப்பம், அக்டோபரிலிருந்து ஜனவரி வரை நேர்காணல்கள், பிறகு மாணவரும் மருத்துவமனைகளும் தனித்தனியே தரும் விருப்ப வரிசைப் பட்டியல். மார்ச் மாதத்தின் மூன்றாவது வெள்ளிக்கிழமை, எந்த ஊர், எந்த மருத்துவமனை என்று முடிவு வரும். இதுதான் மேட்ச். முடிவு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். பிடிக்கவில்லை என்று ஒதுங்க முடியாது. அடுத்த மூன்றிலிருந்து ஏழு ஆண்டு வாழ்க்கை அதில் அடங்கியிருக்கிறது.

ஆகவே விண்ணப்பம் போகும் செப்டம்பருக்கு முன்னால் இருக்கும் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களுக்குத் தங்கத்தின் மதிப்பு. அந்த மாதங்களில் வெளியூரில் நான்கு வாரம் உழைத்து ஒரு நல்ல சிபாரிசுக் கடிதம் வாங்கினால், அது விண்ணப்பத்தோடு சேர்ந்தே போகும். நவம்பரில் போய்ச் சிறப்பாக உழைத்தால், அந்த ஒரு மருத்துவமனைக்குத் தெரியும், அவ்வளவுதான்.

எல்லோருக்கும் இது தேவையா என்றால் இல்லை. பொது மருத்துவம், குழந்தை மருத்துவம், குடும்ப மருத்துவம் ஆகியவற்றுக்குப் போகிறவர்கள் பலரும் ஒரு அவே கூடச் செய்யாமல் நல்ல இடங்களில் சேர்கிறார்கள். எலும்பு அறுவை, நரம்பியல் அறுவை, காது மூக்கு தொண்டை, பிளாஸ்டிக் அறுவை, தோல் மருத்துவம் போன்ற நெரிசலான துறைகளில்தான் இது எழுதப்படாத சட்டம். எலும்பு அறுவைக்குப் போகிறவர் இரண்டு மூன்று அவே செய்வது சாதாரணம். காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். ஒரு மருத்துவமனையின் ரெசிடென்சித் திட்டத்தில் ஆண்டுக்கு நான்கைந்து இடம் இருக்கும். அறுவை அரங்கில் விடியற்காலையிலிருந்து இரவு வரை ஐந்து ஆண்டு தோளோடு தோள் நிற்கப் போகிறவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மதிப்பெண் பட்டியல் அந்தக் கேள்விக்குப் பதில் தராது; களைத்துப்போன மாலை ஆறு மணிக்கு இவர் எப்படிப் பேசுகிறார் என்பது தரும்.

அவசர சிகிச்சைத் துறையின் கதை தனி. அங்கே அவே கிட்டத்தட்ட முறைப்படுத்தப்பட்டே இருக்கிறது. 1990களில் அந்தத் துறையின் ரெசிடென்சி இயக்குநர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். வழக்கமான சிபாரிசுக் கடிதங்களில் எல்லா மாணவரும் சிறந்தவர், எல்லோரும் கடின உழைப்பாளி. இதை வைத்துக்கொண்டு யாரைப் பொறுக்குவது? அதனால் பொதுவான ஒரு படிவத்தைக் கொண்டுவந்தார்கள். இன்றைக்கு அதற்கு 'ஸ்லோ' என்று பெயர். சக மாணவர்களோடு ஒப்பிட்டால் இவர் எங்கே நிற்கிறார், உங்கள் வரிசைப் பட்டியலில் இவரை எங்கே வைப்பீர்கள் என்றெல்லாம் அது முகத்துக்கு நேரே கேட்கும். அதை எழுதித் தருவது அவசர சிகிச்சைத் துறையில் அந்த மாணவரோடு வேலை செய்தவர்கள். ஒன்று சொந்த ஊரில், ஒன்று வெளியூரில் என்று குறைந்தது இரண்டு ஸ்லோ தேவை என்பது நடைமுறையானது. சொந்தக் கல்லூரியில் அந்தத் துறைக்கு ரெசிடென்சியே இல்லையென்றால் இரண்டுக்கும் வெளியே போக வேண்டியதுதான்.

இந்த 'சொந்தக் கல்லூரியில் இல்லை' என்பது சின்ன விஷயமாகத் தெரியலாம். சின்ன விஷயமல்ல. புதிதாகத் தொடங்கிய கல்லூரிகள் பலவற்றுக்கும், எம்.டி.க்குப் பதில் டி.ஓ. என்ற மருத்துவப் பட்டம் தரும் ஆஸ்டியோபதி கல்லூரிகள் பலவற்றுக்கும், தமக்கென்று பெரிய போதனா மருத்துவமனை கிடையாது. மாணவர்களைப் பல ஊர் மருத்துவமனைகளில் பிரித்து அனுப்புவார்கள். நரம்பியல் அறுவை செய்ய ஆசைப்படும் மாணவருக்கு அந்தத் துறையில் சிபாரிசு எழுதித் தரவே ஊரில் ஆள் இருக்காது. 2020இல் ஆஸ்டியோபதி, அலோபதி ரெசிடென்சிகள் இரண்டும் ஒரே அங்கீகார அமைப்பின் கீழ் வந்து முடிந்தன. அதன்பின் இரு தரப்பு மாணவர்களும் ஒரே கதவின் முன்னால் நிற்கிறார்கள். பெரிய பல்கலைக்கழக மாணவருக்கு அவே என்பது கூடுதல் வாய்ப்பு. இவருக்கு அதுதான் வாசல்.

மதிப்பெண்ணின் கதையும் இதில் சேர்கிறது. நீண்ட காலம் உரிமத் தேர்வின் முதல் பகுதியான 'ஸ்டெப் 1' மதிப்பெண்தான் விண்ணப்பங்களைச் சலிக்கும் சல்லடை. 2022 ஜனவரி கடைசியிலிருந்து அதில் தேர்ச்சி, தோல்வி என்று மட்டுமே போடுகிறார்கள். மாணவர்களின் மன அழுத்தம் குறையட்டும் என்பதும் ஒரு நோக்கம். ஆனால் ஒரு சல்லடையை எடுத்தால் இன்னொன்று வந்து உட்காரும். 'ஸ்டெப் 2' மதிப்பெண், ஆராய்ச்சிக் கட்டுரைகள், அப்புறம் இந்த அவே. கொரோனாவுக்குப் பிறகு நேர்காணல்கள் பெரும்பாலும் காணொளியிலேயே நடப்பதால், ஒரு மருத்துவமனையை நேரில் பார்க்கவும் அங்கே முகம் பதியவும் மிச்சமிருக்கும் முக்கிய வழியும் இதுதான்.

சரி, எப்படி ஏற்பாடு செய்கிறார்கள்? அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் 'வி.எஸ்.எல்.ஓ.' என்ற இணையச் சேவையை நடத்துகிறது. பழைய ஆட்கள் இன்னும் அதன் முந்தைய பெயரில் 'வீசாஸ்' என்றே சொல்வார்கள். எந்தக் கல்லூரி, எந்தத் துறை, எந்தத் தேதிகளில் வெளி மாணவரை எடுக்கிறது என்று அதில் தேடலாம். சொந்தக் கல்லூரி தன் மாணவரை அதில் பதிவு செய்து, இவர் ஒழுங்காகப் படிக்கிறார், அடிப்படை வார்டுகளை முடித்துவிட்டார் அல்லது முடிக்கப்போகிறார் என்று சான்று கொடுக்கும். விண்ணப்பங்கள் பொதுவாக வசந்த காலத்தில் திறக்கும். அதாவது மூன்றாம் ஆண்டின் நடுவில், அறுவை வார்டில் தூக்கமில்லாமல் அலையும் அதே மாதங்களில், மாணவர் தன் வருங்காலத் துறையை முடிவு செய்து விண்ணப்பித்திருக்க வேண்டும். தாமதமாக மனம் மாறுகிறவர்களுக்கு இந்த ஏற்பாட்டில் கருணை குறைவு.

காகித வேலையில் மாணவர்களைக் கவிழ்ப்பது பெரும்பாலும் தடுப்பூசிப் பட்டியல். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா, சின்னம்மை, ஹெப்படைட்டிஸ் பி ஆகியவற்றுக்குப் போட்ட தேதிகள் வேண்டும். பல இடங்களில் ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்பு சக்தி தெரிகிறதா என்ற 'டைட்டர்' முடிவும் வேண்டும். ஹெப்படைட்டிஸ் பி டைட்டர் குறைவாக வந்துவிட்டது என்று வையுங்கள். மறுபடி ஊசி போட வேண்டும். வழக்கமான மூன்று ஊசித் தொடர் முடிய ஆறு மாதம் ஆகும். ஏப்ரலில் இது தெரிந்தால் ஜூலை கணக்கு எங்கே நிற்கும்? அதனால் விவரம் தெரிந்த மூத்த மாணவர்கள் ஜூனியர்களுக்குச் சொல்லும் முதல் யோசனை, எங்கே போவது என்பதைப் பற்றியதாக இருக்காது: "கிறிஸ்துமஸ் லீவுக்கு முன்னாடி டைட்டர் எடுத்துடு." அதற்கு மேல் காசநோய் பரிசோதனை, குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு, போதைப்பொருள் பரிசோதனை, உயிர்காப்புப் பயிற்சிச் சான்றிதழ், முகத்துக்குப் பொருந்தும் என்-95 முகக்கவச அளவு என்று நீளும். ஒவ்வொரு மருத்துவமனையும் ஒவ்வொரு கால அளவு கேட்கும். ஒரே படிவம் எல்லோருக்கும் போதும் என்ற எண்ணத்தில்தான் சங்கம் பொதுத் தடுப்பூசிப் படிவம் ஒன்றைத் தயாரித்தது. அதையும் வாங்கிக்கொண்டு தம்முடைய படிவத்தையும் நிரப்பச் சொல்லும் இடங்கள் உண்டு.

இன்னொன்று கண்ணுக்குத் தெரியாமல் நடப்பது: இரண்டு நிறுவனங்களுக்கு இடையிலான ஒப்பந்தம். வெளி மாணவர் நோயாளியைத் தொட வேண்டுமென்றால், தவறு நேர்ந்தால் பொறுப்பு யாருடையது என்று எழுதியிருக்க வேண்டும். சொந்தக் கல்லூரி அவருக்குக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். ஒரு சம்பவத்துக்கு 10 லட்சம் டாலர், மொத்தமாக 30 லட்சம் டாலர் என்பது பல இடங்கள் கேட்கும் அளவு. ஏற்கெனவே ஒப்பந்தம் இருந்தால் இது ஒரு சொடுக்கு. இல்லையென்றால் இரு தரப்பு வழக்கறிஞர்களும் ஒரு வாக்கியத்தில் மாதக்கணக்கில் தொங்குவார்கள். மாணவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அங்கே ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே ஓர் இடத்தின் மேல் ஆசை வைக்கும் முன், நம் கல்லூரிக்கு அங்கே ஒப்பந்தம் இருக்கிறதா என்று டீன் அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது.

இனி விண்ணப்பத்துக்குப் பதில் வரும் விதம். எனக்கு இந்த ஏற்பாடு முழுவதிலும் மிக வினோதமாகப் படுவது இதுதான்.

எல்லா இடமும் ஒரே நாளில் பதில் சொல்வதில்லை. மார்ச்சில் ஒன்று, மேயில் ஒன்று, ஜூன் கடைசியில் ஒன்று. அழைப்பு வந்தால் குறிப்பிட்ட கெடுவுக்குள் சரி அல்லது வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். ஆசைப்பட்ட இடம் இன்னும் வாய் திறக்கவில்லை. இரண்டாம் பட்சமான இடம் கெடு வைத்துக் காத்திருக்கிறது. சரி சொன்னால் அந்த மாதம் போயிற்று. வேண்டாமென்றால் வேறு எதுவும் வராமலே போகலாம். ஒப்புக்கொண்டபின் கடைசி நேரத்தில் விலகினால் கெட்ட பெயர், அதுவும் தாம் ரெசிடென்சி கேட்கப்போகும் அதே துறையில். போதாததற்கு ஒரு கல்லூரியின் நான்கு வாரம் ஜூலை 6இல் தொடங்கும் என்றால் இன்னொன்றின் நான்கு வாரம் ஜூலை 20இல் தொடங்கும். இரண்டையும் ஒட்டவே முடியாது. நடுவே இரண்டு வாரம் ஓட்டையாக நிற்கும், அல்லது இரண்டு வாரம் ஒன்றின் மேல் ஒன்று ஏறும்.

இதைக் கேட்டதும் மேட்ச் எப்படிப் பிறந்தது என்ற வரலாறு நினைவுக்கு வருகிறது. 1940களில், பட்டம் முடித்ததும் செய்யும் இன்டர்ன்ஷிப் பயிற்சி இடங்களே இப்படித்தான் நிரம்பின. நல்ல மாணவரைப் பிடிக்க மருத்துவமனைகள் முந்திக்கொண்டு, படிப்பு முடிய இரண்டு ஆண்டு இருக்கும்போதே இடம் கொடுத்தன. குறிப்பிட்ட தேதிக்கு முன் மாணவர் விவரங்களைத் தருவதில்லை என்று கல்லூரிகள் கூடி முடிவெடுத்தன. உடனே பிரச்சினை வேறு உருவம் எடுத்தது. பதில் சொல்லக் கொடுத்த அவகாசம் சுருங்க ஆரம்பித்தது. 1945இல் 10 நாள் இருந்தது, 1949 வாக்கில் 12 மணி நேரமே அதிகம் என்று மருத்துவமனைகள் தரப்பு சொல்லும் நிலைக்கு வந்தது. தந்தியும் தொலைபேசியுமாக ஒரே ஓட்டம். இந்தக் கூத்தை நிறுத்தத்தான் இரு தரப்பு விருப்பப் பட்டியலையும் ஓரிடத்தில் வைத்துப் பொருத்தும் முறை 1952இல் நடைமுறைக்கு வந்தது. அந்தப் பொருத்தத்தின் கணிதத்தை ஆராய்ந்த ஆல்வின் ராத், லாயிட் ஷேப்லி இருவருக்கும் 2012இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. 1998இலிருந்து பயன்படும் மேட்ச் கணக்கு முறை ராத்தும் எலியட் பெரான்சனும் சீர்செய்தது.

ரெசிடென்சிக்கு நோபல் பரிசு பெற்ற கணிதம். அந்த ரெசிடென்சிக்கு வழிகாட்டும் அவேக்கு 1949இன் சந்தை. விண்ணப்பத்தை இணையத்தில் போடலாம் என்பதைத் தவிர மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது. அவேக்கும் ஒரு சின்ன மேட்ச் வைக்கலாமே என்று தோன்றும். ஆனால் இங்கே ஒவ்வொரு கல்லூரியின் நாட்காட்டியும் வேறு, சொந்த மாணவர்களுக்குத்தான் முதல் இடம், மிச்சம் எத்தனை என்று கடைசி வரை அவர்களுக்கே தெரியாது. பொருத்துவதற்கு முதலில் இரு பக்கமும் எண்ணிக்கை நிலையாக இருக்க வேண்டும்.

எப்படியோ இடம் கிடைத்துப் போய்ச் சேர்ந்தாயிற்று. முதல் இரண்டு நாள் அடையாள அட்டைக்கும் கணினிக் கடவுச்சொல்லுக்கும் போகும். சொந்த ஊரில் ஒரு நோயாளிப் பதிவு மென்பொருளில் பழகிய கை, இங்கே வேறொன்றில் தடுமாறும். வேலை 'சப்-இன்டர்ன்' அளவுக்கு இருக்கும்: ரெசிடென்ட் வருவதற்கு முன் நோயாளிகளைப் பார்த்து முடிப்பது, ரவுண்ட்ஸில் சுருக்கமாகச் சொல்வது, இரவுப் பணி, கடைசி வாரத்தில் துறை முன்னால் ஒரு பத்து நிமிட உரை. மதிப்பிடுவது மூத்த மருத்துவர்கள் மட்டும் என்று நினைப்பவர்கள் ஏமாறுவார்கள். ரெசிடென்ட்களின் பேச்சுக்குப் பல இடங்களில் எடை அதிகம். கூட வந்த இன்னொரு வெளி மாணவரை மட்டம் தட்டி முன்னால் நிற்பவர், செவிலியரிடம் குரலை உயர்த்துபவர், எல்லாக் கேள்விக்கும் முந்திக்கொண்டு கை தூக்குபவர் ஆகியோர் மதிப்பெண்ணில் எவ்வளவு உயர்ந்திருந்தாலும் பட்டியலில் இறங்கிவிடுவார்கள்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. காகிதத்தில் பளிச்சென்று இருக்கும் மாணவர், ஆனால் புது இடத்தில் வாய் திறக்க மூன்று வாரம் எடுக்கும் சுபாவம் என்றால், அவே அவருக்கு நன்மையைவிடத் தீமை செய்யலாம். போகாமலே இருந்திருந்தால் நேர்காணலுக்கு அழைத்திருப்பார்கள். போனதால் 'பரவாயில்லை' என்ற சொல்லோடு கோப்பு மூடிவிடும். கல்லூரி ஆலோசகர்கள் இதைச் சொல்லத் தயங்குவார்கள்; சொல்ல வேண்டிய விஷயம்தான்.

பணத்தைப் பற்றி. பொதுவாக, போகும் இடம் தனியாகப் பாடக் கட்டணம் வாங்காது. சொந்தக் கல்லூரிக் கட்டணம் அந்த மாதத்துக்கும் ஓடிக்கொண்டிருக்கும். அதற்கு மேல் விண்ணப்பக் கட்டணங்கள், பயணம், ஊரில் காலியாகக் கிடக்கும் அறைக்கு வாடகை, போன ஊரில் தங்கும் அறைக்கு இன்னொரு வாடகை. ஒரு மாதத்துக்கு ஆயிரம் டாலர் எளிதில் தாண்டும், பெருநகரம் என்றால் இன்னும் மேலே. சம்பாத்தியம் ஏதும் கிடையாது, எல்லாம் கடன். இந்தச் சிக்கலுக்காகவே மாணவர்கள் தங்களுக்குள் அறை மாற்றிக்கொள்ள 'ரொட்டேட்டிங் ரூம்' என்ற தளம் தோன்றியது. வசதி குறைந்த, பிரதிநிதித்துவம் குறைந்த பின்னணியிலிருந்து வருபவர்களுக்குச் சில துறைகள் உதவித்தொகை தருகின்றன. கேட்டால்தான் கிடைக்கும், பலர் கேட்பதில்லை.

இது இல்லாமலே ஒரு ஆண்டு ஓடியது. 2020 மார்ச் 17 அன்று மாணவர்களை நோயாளிகளிடமிருந்து விலக்கி வைக்கும்படி மருத்துவக் கல்லூரிகள் சங்கம் அறிவுறுத்தியது. மே மாதம், சொந்தக் கல்லூரியில் துறை இல்லாதவர் போன்ற விதிவிலக்குகளைத் தவிர, யாரும் அவேக்குப் போக வேண்டாம் என்ற பரிந்துரை வந்தது. மேட்ச் நின்றுவிடவில்லை, இடங்கள் நிரம்பின. அடுத்த ஆண்டு எண்ணிக்கைக் கட்டுப்பாட்டோடு அளவாகத் திறந்தார்கள். அதன்பின் கட்டுப்பாடு துறைக்குத் துறை மாறியது. ஒரு ஆண்டு இல்லாமல் சமாளித்த பிறகும் எல்லோரும் திரும்பி வந்தார்கள் என்பதிலேயே, இதில் இரு தரப்புக்கும் எவ்வளவு பிடிப்பு இருக்கிறது என்று தெரிகிறது.

அதே காலத்தில் வந்த இன்னொரு மாற்றம் 'சிக்னல்'. 2020-21 விண்ணப்பச் சுழற்சியில் காது மூக்கு தொண்டைத் துறை தொடங்கி வைத்தது: மாணவர் தனக்கு உண்மையிலேயே ஆர்வமுள்ள ஐந்து இடங்களை விண்ணப்பத்தில் குறிக்கலாம். பிறகு மற்றத் துறைகளும் சேர்ந்தன. எலும்பு அறுவை 2022-23இல் 30 சிக்னல் கொடுத்தது. அவேக்குப் போன இடத்துக்கும் ஒரு சிக்னலைச் செலவழிக்க வேண்டுமா என்ற கேள்விக்குத் துறைக்குத் துறை பதில் வேறு. நான்கு வாரம் அவர்கள் வார்டிலேயே கிடந்தவர் 'எனக்கு உங்கள் மேல் ஆர்வம்' என்று மறுபடி எழுதித் தர வேண்டுமா என்று சிரிப்பு வரும். எலும்பு அறுவையில், ஆம், எழுதித் தர வேண்டும்.

வெளிநாட்டில் படிக்கும் மாணவர்களுக்கு இதே பாதை இன்னும் குறுகல். வி.எஸ்.எல்.ஓ. வழியாகப் போக அவர்கள் கல்லூரி அதில் சேர்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் வெளி மாணவரை நேரடியாக எடுக்கும் இடங்களைத் தேடி மின்னஞ்சல் போட வேண்டும். ஸ்டெப் 1 தேர்ச்சியைக் கேட்கும் கல்லூரிகளும் உண்டு. ஊதியமில்லாமல், தன் படிப்பின் பகுதியாக, அமெரிக்க மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் எலெக்டிவ் செய்பவருக்கு பி-1 விசா பொருந்தும். ஆனால் எல்லாமே மாணவராக இருக்கும் வரைதான். பட்டம் கைக்கு வந்துவிட்டால் பெரும்பாலும் மிஞ்சுவது 'அப்சர்வர்ஷிப்': கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்று பார்க்கலாம், நோயாளியைத் தொடக் கூடாது. அதில் வாங்கும் கடிதத்துக்கும் எடை குறைவு. ரெசிடென்சி எண்ணம் இருப்பவர் இறுதியாண்டை நழுவவிடாமல் இருப்பது இதனால்தான் முக்கியம்.

மே மாதம் வரை எல்லா இடமும் 'பரிசீலனையில்' என்றே காட்டிக்கொண்டிருந்தால் இடிந்துபோக வேண்டியதில்லை. இரண்டு அழைப்பு வைத்திருந்தவர் ஒன்றை விடுவார்; விட்ட இடம் ஜூன், ஜூலையில் திடீரென்று திறக்கும். அப்போது துறையின் கோஆர்டினேட்டர் நீண்ட பட்டியலை முதலிலிருந்து படித்துக்கொண்டிருக்க மாட்டார். எல்லாப் படிவமும் முடித்து, எந்தத் தேதியிலும் வரத் தயார் என்று நான்கு வரியில் போன வாரம் மரியாதையாக எழுதியவர் யார் என்று பார்ப்பார். மதியம் மின்னஞ்சல் வரும்: திங்கட்கிழமை தொடங்கும் மாதத்துக்கு ஓர் இடம் இருக்கிறது, நாளை காலைக்குள் சொல்ல முடியுமா? பழைய காலத்துத் தந்திதான் இது. டைட்டர் முடிவு கையில் இருப்பவர் சரி என்று எழுதிவிட்டு, தங்க அறை தேட ஆரம்பிப்பார்.